85 ரூபாய் எங்கே போனது?

ஒரு பங்கின் விலை 95 ரூபாய்.

பணத்தைக் கட்டினார்கள். பங்கு கிடைத்தது. ஆனால் அந்தப் பங்கின் முகமதிப்பு 95 ரூபாய் அல்ல. வெறும் 10 ரூபாய்!

மீதி 85 ரூபாய் எங்கே போனது?

இது கதை அல்ல. 1993-ம் ஆண்டு நடந்தது. இன்போசிஸ் கம்பெனி அந்த ஆண்டில்தான் முதல் முதலாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்றது. 10 ரூபாய் பங்குக்கு 95 ரூபாய் விலை வைத்தது.

"10 ரூபாய் சாமானுக்கு 95 ரூபாயா?" என்று அன்று பலர் ஒதுங்கிக் கொண்டார்கள். பங்குகள் முழுவதும் விற்றுத் தீரவில்லை. அமெரிக்காவின் மார்கன் ஸ்டான்லி கம்பெனி கை கொடுத்தது. துணிந்து வாங்கியவர்களுக்குப் பிற்காலத்தில் அதிர்ஷ்டம் அடித்தது. அது தனிக் கதை.

அந்த 85 ரூபாய் களவு போகவில்லை. கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலேயே ஏறியது. 10 ரூபாய் ஒரு பக்கம். 85 ரூபாய் வேறு பக்கம். முதல் பக்கத்துக்குப் பெயர் "பங்கு மூலதனம்". இரண்டாவது பக்கத்துக்குப் பெயர் "பங்கு பிரிமியம்".

பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தில் இதற்கு "முனைமம்" என்று பெயர் போட்டு இருக்கிறார்கள். அமெரிக்காவில் "கூடுதலாகச் செலுத்திய மூலதனம்" என்ற பொருளில் ஒரு பெயர் வழங்குகிறது. பெயர் எதுவானாலும் பொருள் ஒன்றுதான்: முகமதிப்புக்கு மேல் பொதுஜனம் கொடுத்த பணம்.

பிரிமியம் என்றதும் ஆயுள் இன்சூரன்சு தவணைதான் வீடுகளில் நினைவுக்கு வரும். அந்தப் பிரிமியம் வேறு. இந்தப் பிரிமியம் வேறு. இன்சூரன்சு பிரிமியம் ஆண்டுதோறும் கட்டுவது. பங்கு பிரிமியம், பங்கு வாங்கும்போது ஒரே தடவை கொடுப்பது.

ஏன் கொடுக்க வேண்டும்? 10 ரூபாய் பங்கை 10 ரூபாய்க்கே கொடுத்தால் என்ன?

நியாயமான கேள்விதான்.

ஒரு அரிசி மில்

பத்துப் பேர் சேர்ந்து ஒரு அரிசி மில் தொடங்குகிறார்கள் என்று வைத்துக் கொள்ளலாம். ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய். மொத்தம் 10 லட்சம்.

மில் நன்றாக ஓடுகிறது. லாபத்தை அவர்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. மில்லிலேயே போட்டு வைக்கிறார்கள். சில ஆண்டுகளில் அப்படிச் சேர்ந்த லாபம் 20 லட்சம் ஆகிறது. போட்ட பணம் 10, சேர்ந்த லாபம் 20. ஆக மில்லின் சொத்து 30 லட்சம். ஒவ்வொருவர் பங்கும் 3 லட்சம் பெறும்.

இப்போது பதினோராவது ஆள் வருகிறார். "என்னையும் சேர்த்துக் கொள்ளுங்கள். நானும் ஒரு லட்சம் தருகிறேன்" என்கிறார்.

சேர்த்துக் கொண்டால் என்ன ஆகும்? மில்லின் சொத்து 31 லட்சம். பங்காளிகள் 11 பேர். வகுத்தால், ஒரு பங்கு 2 லட்சத்து 82 ஆயிரம் கூட வராது. பழைய ஆட்கள் ஒவ்வொருவருக்கும் 18 ஆயிரம் ரூபாய்க்கு மேல் நஷ்டம்! ஒரு லட்சத்தோடு உள்ளே நுழைந்தவருக்கோ, நுழைந்த அன்றே ஒரு லட்சத்து 81 ஆயிரம் லாபம்.

எனவே பழைய ஆட்கள், "3 லட்சம் கொண்டு வா" என்கிறார்கள். அவர் 3 லட்சம் கொடுக்கிறார். சொத்து 33 லட்சம், ஆட்கள் 11, பங்கு ஒன்றுக்கு 3 லட்சம். யாருக்கும் நஷ்டம் இல்லை.

அவர் கொடுத்த 3 லட்சத்தில் ஒரு லட்சம் பங்கு மூலதனம். மீதி 2 லட்சம் பிரிமியம்.

இதுவரை யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பிரிமியம் என்பது, மற்றவர்கள் பாடுபட்டுச் சேர்த்த சொத்தில் பங்கு கேட்பவர் கொடுக்கும் ஈடு. கடன் வாங்காமல், வட்டி கட்டாமல் கம்பெனி வளர அது வழி செய்கிறது.

சேர்ந்த சொத்துக்கு ஈடு கேட்பது ஒரு வகை. இனிமேல் சேரப்போகும் சொத்துக்கு இன்றே ஈடு கேட்பது இன்னொரு வகை. மில் இன்னும் அரைக்கத் தொடங்கவில்லை. அல்லது நஷ்டத்தில் அரைக்கிறது. "நாளைக்கு இது பெரிய மில் ஆகும். இன்றைக்கே ஒரு பங்குக்கு 30 லட்சம் கொடு" என்றால்? கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்போது பிரிமியம், நம்பிக்கைக்குக் கொடுத்த விலை ஆகிவிடுகிறது. நம்பிக்கைக்குக் கணக்குப் பார்க்கத் தராசு கிடையாது.

பெட்டி அல்ல, பதிவு

இங்கே ஒரு தப்பு எண்ணம் பலருக்கு உண்டு. படித்தவர்களுக்கும் உண்டு.

"பிரிமியக் கணக்கில் 500 கோடி இருக்கிறது" என்றால், எங்கோ ஒரு பெட்டியில் 500 கோடி ரூபாய் நோட்டு அடுக்கி வைத்து இருக்கிறது என்று எண்ணிக் கொள்கிறார்கள். அப்படி அல்ல.

கம்பெனியின் ஐந்தொகைக்கு இரண்டு பக்கம். பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு பக்கம் சொல்லும். அந்தப் பணம் இப்போது என்ன உருவத்தில் இருக்கிறது என்று மறு பக்கம் சொல்லும். பிரிமியம் முதல் பக்கத்தைச் சேர்ந்தது. வந்த வழியை எழுதி வைத்த பதிவு அது.

பணம் என்ன ஆனது? கட்டிடம் ஆகி இருக்கலாம். எந்திரம் ஆகி இருக்கலாம். சம்பளமாகவும் விளம்பரமாகவும் கரைந்தே போய் இருக்கலாம். பிரிமியக் கணக்கில் மட்டும் 500 கோடி என்ற எண் அப்படியே நிற்கும்.

கல்யாண மொய் நோட்டைப் போல! யார் எவ்வளவு வைத்தார்கள் என்று அதில் இருக்கும். அந்தப் பணத்தில் இப்போது கையில் எவ்வளவு மிச்சம் என்று மொய் நோட்டு சொல்லாது.

கோர்ட்டுக்குப் போன சினிமா கம்பெனி

பிரிமியப் பணத்தில் இருந்து பங்குதாரர்களுக்கு லாப ஈவு கொடுக்கலாமா?

இங்கிலாந்தில் இந்தக் கேள்வி ஒரு சினிமா கம்பெனியால் கோர்ட்டுக்கு வந்தது. காமான்ட் பிரிட்டிஷ் பிக்சர் கார்ப்பரேஷன் என்பது கம்பெனியின் பெயர். பிரிமியமாக வந்த பணத்தை லாப ஈவாகக் கொடுப்பதை எதிர்த்து ஒரு பங்குதாரர் வழக்குப் போட்டார். 1937-ம் ஆண்டு தீர்ப்பு வந்தது.

"சட்டத்தில் தடை இல்லை, கொடுக்கலாம்" என்றது கோர்ட்டு.

சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அதன் விளைவு என்ன? லாபமே வராத கம்பெனியும் புதுப் பங்காளிகளிடம் பணம் வாங்கி, அதையே "லாப ஈவு" என்று கொடுக்கலாம். "பார்! லாபம் கொடுக்கிற கம்பெனி!" என்று மேலும் பலர் வந்து விழுவார்கள். சீட்டுக் கம்பெனிகளிடம் பணம் கொடுத்து ஏமாந்த குடும்பங்களுக்கு இந்த வித்தையை விளக்கிச் சொல்ல வேண்டியது இல்லை.

1948-ம் ஆண்டு சட்டத்தில் இங்கிலாந்து அந்த வழியை அடைத்தது. பிரிமியத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், மூலதனத்தைப் போலவே காக்க வேண்டும் என்று விதி செய்தது.

இந்தியாவும் அதே வழியில் சென்றது. 1956-ம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தில் 78-வது பிரிவு. பிறகு 2013-ம் ஆண்டுச் சட்டத்தில் 52-வது பிரிவு. பிரிமியத் தொகைக்குச் சட்டம் பூட்டுப் போட்டு விட்டது. லாப ஈவு லாபத்தில் இருந்துதான் வர வேண்டும். பிரிமியத்தில் கை வைக்கக்கூடாது.

பூட்டைத் திறக்கச் சில சாவிகளைச் சட்டமே கொடுத்து இருக்கிறது. போனஸ் பங்கு கொடுக்கலாம். கம்பெனி தொடங்கிய செலவையும், பங்கு வெளியிட்ட செலவையும் அதில் கழிக்கலாம். கடன் பத்திரங்களைத் திருப்பும்போது கூடுதல் தொகை தர வேண்டி இருந்தால் தரலாம். கம்பெனி தன் பங்கைத் தானே திரும்ப வாங்கலாம். இவை தவிர வேறு எதற்குத் தொட வேண்டும் என்றாலும், மூலதனத்தைக் குறைப்பதற்கு உள்ள கட்டுப்பாடுகளை எல்லாம் கடந்து வர வேண்டும்.

போனஸ் என்ற இனிப்பு

முதல் சாவியைப் பற்றி ஒரு வார்த்தை.

"ஒரு பங்குக்கு ஒரு பங்கு இலவசம்" என்று கம்பெனி அறிவித்ததும் வீட்டில் மகிழ்ச்சி பொங்குகிறது. சம்பள போனஸ் மாதிரி இதுவும் கைக்கு வரும் காசு என்ற எண்ணம்!

பிரிமியத்தில் இருந்து போனஸ் பங்கு கொடுத்தால் நடப்பது என்ன? கணக்குப் புத்தகத்தில் பிரிமியப் பக்கத்தில் இருந்த தொகை மூலதனப் பக்கத்துக்கு மாறுகிறது. அவ்வளவுதான். கம்பெனியில் இருந்து ஒரு காசு வெளியே வரவில்லை. கம்பெனியின் சொத்தும் கூடவில்லை. பங்கின் எண்ணிக்கை இரண்டு மடங்கு ஆகிறது. பங்கு ஒவ்வொன்றின் மதிப்பும் பாதி ஆகிறது.

ஒரு தோசையை இரண்டாகக் கிழித்து வைத்தால் தட்டில் இரண்டு துண்டு இருக்கும். தோசை ஒன்றுதான். அதுவும், வாங்கியவர் தன் காசில் வாங்கிய தோசை!

போனஸ் பங்கு கெட்டது என்று சொல்ல வரவில்லை. விற்க வாங்க வசதியாகப் பங்கின் விலை குறையும். ஆனால் அதைத் தானம் என்று நினைப்பது தவறு.

இதைப் போன்ற இன்னொரு மயக்கம், "500 சதவீத லாப ஈவு" என்ற அறிவிப்பு. சதவீதம் முகமதிப்பின் பேரில்தான் கணக்கிடப்படுகிறது. முகமதிப்பு ஒரு ரூபாய் என்றால், 500 சதவீதம் என்பது 5 ரூபாய். அந்தப் பங்கை ஒருவர் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி இருந்தால், அவருக்குக் கிடைப்பது நூற்றுக்கு அரை ரூபாய்!

விலை வைப்பது யார்?

ஒரு காலத்தில் கம்பெனிகள் இஷ்டப்படி பிரிமியம் கேட்க முடியாது. 1947-ம் ஆண்டு மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. டெல்லியில் அதற்கு ஒரு அதிகாரி இருந்தார். அவர் சம்மதித்த விலைக்குத்தான் பங்கு விற்க முடியும். பெரும்பாலும் குறைந்த விலைக்கே சம்மதித்தார். வாங்கிய பொதுஜனத்துக்கு லாபம். விற்ற கம்பெனிக்குக் குறை.

1992-ம் ஆண்டு அந்தச் சட்டம் எடுக்கப்பட்டது. விலையைக் கம்பெனியே வைத்துக் கொள்ளலாம் என்று ஆனது. கண்காணிக்கும் பொறுப்பு செபி என்ற பங்குச் சந்தை வாரியத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டுதான் இன்போசிஸ் 85 ரூபாய் பிரிமியம் கேட்டது.

எல்லாக் கம்பெனிகளும் இன்போசிஸ் அல்ல. பங்கு விற்றுப் பணத்தை வாங்கிக் கொண்டு விலாசமே இல்லாமல் மறைந்த கம்பெனிகளும் அந்தப் பத்து ஆண்டுகளில் இருந்தன. அவற்றைத் தேடிப் பிடிப்பதற்கு என்றே 1999-ம் ஆண்டு மத்திய அரசு ஒரு கமிட்டி போட வேண்டி வந்தது.

2,150 ரூபாயும் 949 ரூபாயும்

கிட்டத்து உதாரணம் ஒன்று. 2021-ம் ஆண்டு நவம்பர் மாதம். பேடிஎம் கம்பெனி பங்கு விற்றது. பெட்டிக்கடை முதல் பேருந்து நிலையம் வரை அதன் சதுரப் புள்ளி அட்டை தொங்கியது. பெயர் தெரியாதவர்கள் குறைவு.

முகமதிப்பு 1 ரூபாய். விற்ற விலை 2,150 ரூபாய்!

அதாவது ஒவ்வொரு புதுப் பங்கிலும் மூலதனம் 1 ரூபாய். பிரிமியம் 2,149 ரூபாய். புதுப் பங்குகளால் கம்பெனிக்கு வந்தது 8,300 கோடி ரூபாய். அதில் பங்கு மூலதனம் என்று ஏறியது 4 கோடி ரூபாய் கூட இல்லை. மற்றது அத்தனையும் பிரிமியம்.

அப்போது கம்பெனி நஷ்டத்தில் நடந்து கொண்டு இருந்தது. அதை அது மறைக்கவும் இல்லை. சந்தையில் முதல் நாளே பங்கின் விலை 27 சதவீதம் சரிந்தது.

சந்தையில் விலை சரிந்தபோது பிரிமியக் கணக்கு குறைந்ததா? இல்லை! ஒரு ரூபாயும் குறையவில்லை. கம்பெனி தன் பணத்தை வாங்கியாகி விட்டது. சந்தையில் நடப்பது பங்கு வைத்து இருக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் இடையே நடக்கும் வியாபாரம். வீட்டில் இருந்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். கணக்குப் புத்தகம் கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை.

அதே பேடிஎம் விற்பனையில் இன்னும் ஒரு 10 ஆயிரம் கோடி ரூபாய் உண்டு. அது கம்பெனிக்கு வரவே இல்லை! பழைய பங்காளிகள் தங்கள் கைவசம் இருந்த பங்குகளை விற்றுப் பணத்தை எடுத்துக் கொண்டார்கள். புதுப் பங்கு வேறு. பழைய பங்கை விற்பது வேறு. விளம்பரத்தில் இரண்டையும் சேர்த்து, "18,300 கோடி ரூபாய் வெளியீடு" என்றுதான் பேசப்பட்டது.

2022-ம் ஆண்டு மே மாதம் எல்.ஐ.சி. பங்கு விற்பனைக்கு வந்தது. முகமதிப்பு 10 ரூபாய். விலை 949 ரூபாய். பாலிசிதாரர்களுக்கு 60 ரூபாய் சலுகை. "நம்ம எல்.ஐ.சி." என்ற பாசத்தில், அதுவரை பங்குச் சந்தைப் பக்கமே தலை வைத்துப் படுக்காத குடும்பங்களும் பணம் கட்டின.

அந்தப் பணத்தில் எல்.ஐ.சி.க்குப் போன பிரிமியம் எவ்வளவு? ஒரு காசும் இல்லை. மத்திய அரசு தன்னிடம் இருந்த பங்கில் 3.5 சதவீதத்தை விற்றது. 20 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வந்த தொகை முழுவதும் அரசின் கஜானாவுக்குப் போனது. இதில் தவறு இல்லை. சட்டப்படி வெளிப்படையாகச் செய்ததுதான். ஆனால், "என் பணத்தால் எல்.ஐ.சி. வளரும்" என்று நினைத்துக் கட்டியவர் எத்தனை பேரோ!

பள்ளத்தை மூடிய பிரிமியம்

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தமிழ்நாட்டில் அறியாதவர்கள் இல்லை. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-ம் ஆண்டு தொடங்கிய வங்கி. 1969-ல் நாட்டுடைமை ஆனது.

வராக்கடன் பெருகி, இந்த வங்கி ஆண்டுக்கணக்கில் நஷ்டம் அடைந்தது. 2018-ம் ஆண்டு மார்ச் மாதக் கணக்கில், சேர்ந்து போன நஷ்டம் 6,900 கோடி ரூபாய்க்கு மேல்! அதே கணக்கில் பிரிமியம் 7,600 கோடி ரூபாய்க்கு மேல் இருந்தது. 10 ரூபாய் பங்கை அரசும் மற்றவர்களும் அதற்கு மேல் விலை கொடுத்து வாங்கியதால் சேர்ந்த தொகை அது.

அந்த ஆண்டு வங்கி பங்குதாரர் கூட்டத்தைக் கூட்டியது. பிரிமியத்தைக் கொண்டு நஷ்டத்தை ஈடு கட்டுவது என்று முடிவு செய்தது. பள்ளத்தையும் மேட்டையும் ஒன்றாக்கி மட்டம் செய்கிற வேலை.

இதனால் வங்கிக்குப் புதுப் பணம் வந்ததா? ஒரு ரூபாய்கூட வரவில்லை. இருந்த பணம் போனதா? அதுவும் இல்லை. போக வேண்டியது முன்பே போய்விட்டது. கடன் வாங்கித் திருப்பாதவர்கள் அதைக் கொண்டு போய்விட்டார்கள். புத்தகத்தில் மட்டும் ஒரு பக்கம் பெரிய பிரிமியமும் மறு பக்கம் பெரிய நஷ்டமும் எதிரும் புதிருமாக நின்று கொண்டு இருந்தன. இரண்டையும் கழித்ததும் உண்மை நிலை தெரிந்தது. 2021-ல் ரிசர்வ் வங்கி தன் தனிக் கட்டுப்பாட்டில் இருந்து இந்த வங்கியை விடுவித்தது.

கழித்தது தப்பு என்று சொல்ல இடம் இல்லை. பொதுக் கூட்டத்தில் கேட்டு, பகிரங்கமாகச் செய்தார்கள். ஆனால் அந்த பிரிமியம் யாருடைய பணம்? பெரும் பகுதி, பங்கு வாங்கிய அரசின் பணம். அரசின் பணம் என்றால் வரி கட்டிய ஜனங்களின் பணம்.

ஒரே வரி, இரண்டு மில்

திரும்பவும் அரிசி மில்லுக்கு வர வேண்டும். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

முதல் மில்லின் புத்தகத்தில் பிரிமியம் 2 லட்சம். உழைத்துச் சேர்த்த லாபம் 20 லட்சம். இரண்டையும் கூட்டி, "காப்பு நிதி 22 லட்சம்" என்று எழுதுகிறார்கள்.

பக்கத்து ஊரில் இன்னொரு மில். அங்கே லாபமே கிடையாது. பெரிய பேச்சுப் பேசி, பிரிமியமாக மட்டும் 40 லட்சம் வாங்கினார்கள். அதில் 18 லட்சம் நஷ்டமாகப் போய்விட்டது. மிச்சம் 22 லட்சம். அவர்களும், "காப்பு நிதி 22 லட்சம்" என்று எழுதுகிறார்கள்!

ஒரே வரி. ஒரே தொகை. ஒரு மில் சம்பாதித்து வைத்தது. மற்றது பிறர் கொடுத்ததைத் தின்று தீர்த்து வருவது. வரியை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்று.

இது அரிசி மில்லில் மட்டும் நடக்கும் விஷயம் அல்ல. கம்பெனிகள் தங்கள் கணக்கைப் பத்திரிகைகளில் கட்டம் கட்டி விளம்பரம் செய்கின்றன. பங்கு மூலதனம் ஒரு வரி. காப்பு நிதி ஒரு வரி. அந்த இரண்டாவது வரியில் பிரிமியமும், சேர்த்த லாபமும், பழைய நஷ்டமும் ஒன்றாகக் கரைந்து கிடக்கின்றன. முழு ஐந்தொகையிலும், முதல் பக்கத்தில் "மற்ற மூலதனம்" என்று ஒரே தொகைதான். பிரித்துக் காட்டும் விவரம் உள்ளே வேறு பக்கத்தில் இருக்கிறது. சட்டம் அதை மறைக்கச் சொல்லவில்லை. தேடுகிறவர் கண்ணுக்குக் கிடைக்கும். ஆனால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஆங்கில அறிக்கையில், ஓய்வு ஊதியப் பணத்தைப் போட்ட ஒரு ஆசிரியரோ, நகையை விற்றுப் பங்கு வாங்கிய ஒரு குடும்பத்தலைவியோ எங்கே போய்த் தேடுவார்?

தேடத் தெரிந்தவர்கள் பெரிய நிதி நிறுவனங்கள். அவர்களுக்கு ஆடிட்டர்கள் இருக்கிறார்கள். ஒரு வரியைப் பார்த்து நம்புகிறவர் சாதாரண மனிதர்தான்.

செபி இதைச் செய்யலாம். கம்பெனி எந்த மாநிலத்தில் பதிவாகி இருக்கிறதோ, அந்த மாநில மொழிப் பத்திரிகையிலும் பங்கு வெளியீட்டை விளம்பரம் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. மக்கள் மொழியில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அதில் இருப்பதால், இன்னும் ஒரு அடி எடுத்து வைப்பது கடினம் அல்ல. காப்பு நிதி என்ற வரியை உடைக்க வேண்டும். பங்குதாரர்கள் கொடுத்த பிரிமியம் இவ்வளவு என்று ஒரு வரி. கம்பெனி தானே சம்பாதித்துச் சேர்த்தது இவ்வளவு, அல்லது இழந்தது இவ்வளவு என்று ஒரு வரி. புதுப் பங்கு விற்கும்போது, கட்டும் பணத்தில் எத்தனை ரூபாய் கம்பெனிக்கு, எத்தனை ரூபாய் பழைய பங்காளிக்கு என்று விலைக்குப் பக்கத்திலேயே அதே பெரிய எழுத்தில் ஒரு வரி.

கம்பெனிகள், "இடம் போதாது, விளம்பரச் செலவு கூடும்" என்று சொல்லக்கூடும். சூரியன், மலை, சிரிக்கும் குழந்தை என்று முழுப் பக்கத்துக்குப் படம் போடுகிறவர்களுக்கு, அந்தப் படத்தில் இரண்டு விரற்கடை குறைத்தால் போதும்.